நடவுக்கு முன் பதில் வேண்டும்

நெல்லில் மார்க்கர் வைத்துத் தேர்வு செய்யும் ஆராய்ச்சி மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது: "பி.சி.ஆர். மூன்று மணி நேரத்தில் முடிகிறது. ஜெல் ஓட்ட ஒன்றரை மணி நேரம். ஆனால் சில நூறு நாற்றுகளுக்கு டி.என்.ஏ. எடுத்து முடிப்பதற்குள் இரண்டு வாரம் ஓடிவிடுகிறது. கிட் வாங்கினால் கட்டுப்படியாகாது. திரவ நைட்ரஜன் எங்கள் நிலையத்துக்கு வருவதே அபூர்வம். என்ன செய்யலாம்?"

டி.என்.ஏ.வைச் சுத்தமாக எடுப்பதை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் பதில். எல்லா வேலைக்கும் இதைச் சொல்லவில்லை. நாற்றில் ஒரு குறிப்பிட்ட மரபணு இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததைக் கழித்துக்கட்டும் வேலைக்குச் சொல்கிறேன். அதற்கு அழுக்கு டி.என்.ஏ. போதும். மிச்சமாகும் நேரத்தை நாற்றின் எண் மாறாமல் பார்ப்பதிலும் கன்ட்ரோல் வைப்பதிலும் செலவிடுங்கள். தவறான முடிவுகள் பெரும்பாலும் அந்த இரண்டு ஓட்டைகள் வழியாகத்தான் உள்ளே வருகின்றன.

நம் ஆய்வகங்களில் சி.டி.ஏ.பி. முறை ஏன் இப்படி வேரூன்றிவிட்டது? இலையை உரலில் பொடித்து, 65 டிகிரியில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வைத்து, குளோரோஃபார்ம் சேர்த்துச் சுழற்றி, மேல் நீரைப் பிரித்து, ஐசோப்ரொப்பனாலில் படிய வைத்து, 70 சதவீத எத்தனாலில் கழுவி, உலர்த்திக் கரைக்கும் இந்தச் சடங்கு 1980களில் நிலைபெற்றது. அன்றைய மார்க்கர் வேலைக்கு டி.என்.ஏ.வை நொதியால் வெட்டி, சவ்வில் ஒற்றி, ப்ரோப் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு செடிக்குப் பல மைக்ரோகிராம் டி.என்.ஏ. தேவைப்பட்டது. நொதி வெட்டவேண்டுமானால் அது சுத்தமாகவும் இருக்க வேண்டும். பி.சி.ஆர். வந்தபின் அந்தத் தேவை போய்விட்டது. நெல்லின் மரபணுத்தொகுதி சிறியது. ஒரு நானோகிராம் டி.என்.ஏ.வில் அதன் பிரதிகள் ஏறக்குறைய 2,500 இருக்கும். ஒரு மார்க்கரைப் பெருக்க அது தாராளம். தேவை மறைந்த பிறகும் பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. வழிகாட்டி அப்படிச் செய்தார், மாணவரும் அப்படிச் செய்கிறார்.

ஒரு உண்மையான வேலையை வைத்தே பேசுவோம். பாக்டீரியா இலைக்கருகலுக்கு எதிராக எக்ஸ்ஏ5, எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ21 என்ற மூன்று மரபணுக்களையும் ஒரே ரகத்தில் சேர்க்கும் வேலை. நம் ஊரில் ஆந்திரா பொன்னி என்று விற்கும் பி.பி.டி. 5204, அதாவது சம்பா மசூரி ரகத்தில் இந்த மூன்றையும் சேர்த்து, ஹைதராபாத்தின் நெல் ஆராய்ச்சி நிறுவனமும் சி.சி.எம்.பி.யும் உருவாக்கிய 'இம்ப்ரூவ்டு சம்பா மசூரி' 2008இல் வெளியானது. இன்றும் பல நிலையங்களில் உள்ளூர் ரகங்களுக்கு இதே மூன்றைக் கொண்டுசேர்க்கும் பணி நடக்கிறது. இதில் எக்ஸ்ஏ5, எக்ஸ்ஏ13 இரண்டும் ஒடுங்கு மரபணுக்கள். பின்கலப்பில் வரும் நாற்றில் அவை ஒற்றைப் பிரதியாகத்தான் இருக்கும். செடி நோய்க்கு ஆளாகவே செய்யும். கத்தரிக்கோலைக் கிருமிக் கரைசலில் தோய்த்து இலை நுனியை வெட்டிப் பார்க்கும் வயல் சோதனை இங்கே எதையும் சொல்லாது. ஒவ்வொரு தலைமுறையிலும் டி.என்.ஏ.வைத்தான் கேட்க வேண்டும். அந்தப் பதிலும் பூக்கும் முன் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் எந்தச் செடியில் ஆண்நீக்கம் செய்வது என்றே தெரியாது. என்னைக் கேட்டால் நடவுக்கு முன்பே கிடைப்பது நல்லது. தேறாத நாற்றை வயலில் நட்டு, களையெடுத்து, உரம் போட்டு, கடைசியில் பிடுங்கிப் போடுவது கூலிக்கும் நிலத்துக்கும் தண்டம்.

நாற்றங்காலிலிருந்தே தொடங்குங்கள். பின்கலப்பு விதைகளைப் பாத்தியில் தூவாதீர்கள். காய்கறி நாற்றுக்குப் பயன்படும் 98 குழித்தட்டு எங்கும் கிடைக்கிறது. அதில் 7 வரிசை, வரிசைக்கு 14 குழி. பி.சி.ஆர். தட்டிலோ 8 வரிசை, வரிசைக்கு 12 கிணறு. இந்த இரண்டும் பொருந்தாததால்தான் எண் மாறுகிறது: ஒரு தட்டில் ஏழாவதோடு வரிசை முடிகிறது, மற்றதில் எட்டாவது வரை போகிறது, எங்கோ ஓரிடத்தில் ஒரு நாற்று நழுவுகிறது. குழித்தட்டின் கடைசி இரண்டு நெடுவரிசைகளைக் காலியாக விட்டுவிடுங்கள். மிச்சம் 7 வரிசையில் 12 குழி, ஆக 84 நாற்று. பி.சி.ஆர். தட்டின் முதல் ஏழு வரிசையில் அவை அப்படியே, இருக்கும் இடம் மாறாமல் உட்காரும். எட்டாவது வரிசையின் 12 கிணறுகளும் கன்ட்ரோலுக்கு. முளைக்காத குழி இருந்தால் அந்தக் கிணற்றையும் காலியாகவே விடுங்கள். வரிசையை நெருக்கி நிரப்பும் ஆசைதான் எண் குழப்பத்தின் தாய்.

இந்த அமைப்பில் இன்னொரு லாபமும் உண்டு. யாராவது அவசரத்தில் தட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டால், கன்ட்ரோல் பட்டைகள் எட்டாவது வரிசையில் தெரியாமல் முதல் வரிசையில் தெரியும். ஜெல்லைப் பார்த்த நொடியே பிடிபட்டுவிடும். கன்ட்ரோலை மூலைக்கு ஒன்றாகச் சமச்சீராக வைப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை மணி கிடைக்காது.

இனி இலை. விதைத்து 15 முதல் 20 நாளில், நடுக்குருத்துக்கு அடுத்த இளம் இலையின் நுனி. முற்றிய இலையில் நாரும் சிலிக்காவும் கூடுதல், எடைக்கு எடை செல்களும் குறைவு. எட்வர்ட்ஸும் அவர் கூட்டாளிகளும் 1991இல் வெளியிட்ட முறையில் ஒரு அழகான தந்திரம் இருக்கிறது: இலையைத் திறந்த எப்பென்டார்ஃப் குழாயின் வாய்மீது வைத்து மூடியை அழுத்தினால், மூடியே வில்லையாகக் கிள்ளிக் குழாய்க்குள் போட்டுவிடும். கத்தரிக்கோல் வேண்டாம், பஞ்ச் வேண்டாம், ஒரு செடியின் சாறு அடுத்த செடிக்கு ஒட்டும் பேச்சே இல்லை. அளவும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். நெல் நாற்றின் இலை குறுகல் என்பதால் இரண்டு கிள்ளு தேவைப்படலாம். அதற்கு மேல் போடாதீர்கள். கூடுதல் இலை போட்டால் கூடுதல் டி.என்.ஏ. வரும் என்று நினைக்கிறார்கள். கூட வருவது பெரும்பாலும் அழுக்குதான், பஃபர் அதே அளவு இருப்பதால் அது இன்னும் அடர்ந்துபோகிறது.

ஆய்வகம் தொலைவில் இருந்தால் ஐஸ் பெட்டியோடு அல்லாட வேண்டாம். இலைத் துண்டைச் சின்னக் காகித உறையில் போட்டு, இலையின் எடையைப் போல் பத்து மடங்கு சிலிக்கா ஜெல் உள்ள மூடிய டப்பாவில் வையுங்கள். ஒரு நாளில் மொறுமொறுவென்று காய்ந்துவிட வேண்டும். மெல்லக் காய்ந்து பழுப்பேறும் இலையில் டி.என்.ஏ. துண்டு துண்டாகிவிடும். நிறம் மாறிய சிலிக்காவை அடுப்பில் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். இப்படிக் காய்ந்த இலைக்குத் திரவ நைட்ரஜன் தேவையே இல்லை. குழாயில் இரண்டு ஸ்டீல் குண்டு போட்டு ஆட்டும் கருவியில் வைத்தால் மாவாகிவிடும். மாவானதும் குழாயை ஒரு சுழற்று சுழற்றிவிட்டுத் திறங்கள். சுழற்றாமல் திறந்தால் பறக்கும் பொடி பக்கத்துக் கிணற்றில் விழுந்து, இல்லாத மரபணுவை இருப்பதாகக் காட்டும். பச்சை இலையை ஆட்டக் கருவி இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. பிளஸ் டூ வேதியியல் ஆய்வகத்தில் பார்த்த, குழிகள் உள்ள பீங்கான் ஸ்பாட் தட்டு நினைவிருக்கிறதா? அதில் பஃபர் விட்டு, கண்ணாடிக் கோலின் உருண்டை முனையால் இலையை நசுக்கும் முறையை, மணிலா அருகிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஆட்கள் 1995லேயே எழுதிவிட்டார்கள்.

நசுக்கும் திரவம் எது என்பதில்தான் உண்மையான தேர்வு இருக்கிறது. நான் இரண்டை மட்டும் சொல்வேன்.

முதலாவது, சோடியம் ஹைட்ராக்சைடு. வாங், சி, கட்லர் மூவரும் 1993இல் வெளியிட்ட முறை. ஒரு மில்லிகிராம் இலைக்கு 10 மைக்ரோலிட்டர் வீதம் 0.5 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு, அதில் இலையை நசுக்கி, அந்தச் சாற்றில் 5 மைக்ரோலிட்டரை எடுத்து, 495 மைக்ரோலிட்டர் 100 மில்லிமோலார் ட்ரிஸ் (பி.எச். 8) கரைசலில் கலக்க வேண்டும். அதிலிருந்து 1 மைக்ரோலிட்டர் பி.சி.ஆருக்கு. இவ்வளவுதான். சுழற்றல் இல்லை, படியவைத்தல் இல்லை, குளோரோஃபார்ம் இல்லை. காரம் செல்லை உடைக்கிறது, டி.என்.ஏ.வைத் தின்னும் நொதிகளைச் செயலிழக்கச் செய்கிறது, ஆர்.என்.ஏ.வையும் சிதைக்கிறது. ட்ரிஸ் காரத்தை அடக்குகிறது. மிக முக்கியமான வேலையை அந்த நூறு மடங்கு நீர்த்தல் செய்கிறது: பி.சி.ஆரைத் தடுக்கும் பொருள்கள் தடுக்க முடியாத அளவுக்கு மெலிந்துவிடுகின்றன, டி.என்.ஏ.வும் மெலிகிறது என்றாலும் அது பெருக்கக்கூடியது. நல்ல பைப்பெட் கை உள்ள ஒருவர் ஒரு தட்டு நாற்றை ஒரு காலைப் பொழுதில் முடித்துவிடலாம். 100 மில்லி கரைசலுக்கு 2 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு போதும். பழைய பாட்டிலை நம்பாதீர்கள். காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி அது வலுவிழந்துகொண்டே இருக்கும். பிளாஸ்டிக் பாட்டிலில், சிறிய அளவாக, அவ்வப்போது கரைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி அணியுங்கள். இந்த முறையின் ஒரே ஆபத்து கண்ணில் காரம் தெறிப்பதுதான், அது சின்ன ஆபத்து அல்ல.

இரண்டாவது, மேலே சொன்ன எட்வர்ட்ஸ் முறை. பஃபரில் 200 மில்லிமோலார் ட்ரிஸ் (பி.எச். 7.5), 250 மில்லிமோலார் உப்பு, 25 மில்லிமோலார் இ.டி.டி.ஏ., அரை சதவீத எஸ்.டி.எஸ். இலையை நசுக்கி 400 மைக்ரோலிட்டர் விட்டு, ஒரு நிமிடம் சுழற்றி, மேல் நீர் 300 மைக்ரோலிட்டருக்குச் சம அளவு ஐசோப்ரொப்பனால் சேர்த்து, இரண்டு நிமிடம் வைத்து, ஐந்து நிமிடம் சுழற்றி, உலர்த்தி, 100 மைக்ரோலிட்டர் டி.இ. கரைசலில் கரைக்க வேண்டும். மூலக் கட்டுரையில் எத்தனால் கழுவல் இல்லை. நான் சேர்க்கச் சொல்வேன். எஸ்.டி.எஸ். துளி மிச்சமிருந்தாலும் டாக் பாலிமரேஸ் படுத்துவிடும். 70 சதவீத எத்தனாலில் ஒரு கழுவல் அதைத் தீர்க்கிறது. இன்னொரு மாற்றம்: டி.இ.க்குப் பதில், இ.டி.டி.ஏ. பத்தில் ஒரு பங்காகக் குறைத்த டி.இ. பயன்படுத்துங்கள். இ.டி.டி.ஏ. மக்னீசியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், மக்னீசியம் இல்லாமல் டாக் வேலை செய்யாது. இந்த டி.என்.ஏ. குளிர்பதனத்தில் மாதக்கணக்கில் நிற்கும். சோடியம் ஹைட்ராக்சைடு சாறு அப்படி நிற்காது, சில நாளுக்குள் எல்லா மார்க்கரையும் ஓட்டி முடித்துவிட வேண்டும்.

வடிதாளில் டி.என்.ஏ.வை ஒற்றி எடுக்கும் முறை பற்றியும் கேட்கிறார்கள். குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் 2017இல் வெளியிட்டது. வாட்மேன் வடிதாளின் பெரும்பகுதிக்கு மெழுகு ஏற்றி, நுனியை மட்டும் வெறுமனே விட்டு, சாற்றில் முக்கி, கழுவும் கரைசலில் முக்கி, நேராக பி.சி.ஆர். கலவையில் முக்கி எடுக்கும் குச்சி. முழு வேலையும் அரை நிமிடத்துக்குள். வயலோரத்தில் ஒன்றிரண்டு மாதிரி பார்க்க அருமையானது. 84 குச்சிகளை ஒவ்வொன்றாக முக்கி எடுக்கும் பொறுமை எல்லோருக்கும் இருக்காது.

இந்த எளிய முறைகளில் ஒரு பொறி இருக்கிறது. அதை யாரும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை.

எக்ஸ்ஏ21க்கு நாம் வழக்கமாக ஓட்டும் பி.டி.ஏ.248 மார்க்கரில், நோய் தாங்கும் பட்டை சுமார் 1,000 காரச்சோடி நீளம். நோய்க்கு ஆளாகும் பட்டை அதைவிடக் குட்டை. எக்ஸ்ஏ13இன் ப்ரோமோட்டர் மார்க்கரிலும் அதே கதைதான்: தாங்கும் பட்டை சுமார் 500, மற்றது சுமார் 250. மரபணு வந்துசேர்ந்த பின்கலப்பு நாற்றில் இரண்டு பட்டையும் இருக்க வேண்டும். பி.சி.ஆருக்கு எப்போதும் குட்டைத் துண்டுதான் எளிது. டி.என்.ஏ. துண்டுபட்டிருந்தாலோ, தடுக்கும் பொருள் மிச்சமிருந்தாலோ, முதலில் மறைவது நீளப் பட்டை. இரண்டு பட்டை வரவேண்டிய நாற்றில் குட்டை ஒன்றே வரும். நீங்கள் அதை நோய்க்கு ஆளாகும் நாற்று என்று எழுதித் தூக்கிப் போடுவீர்கள். பட்டை வராமல் கிணறு வெறுமையாக இருந்தால் சந்தேகம் வரும். தெளிவான ஒற்றைப் பட்டை வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. பாதிக்குப் பாதி வர வேண்டிய இடத்தில் நாலில் ஒன்றுதான் தேறியது என்றால் இந்தக் கோளாறைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இதற்குக் கன்ட்ரோல்தான் மருந்து. ஆனால் நீங்கள் வழக்கமாக வைக்கும் கன்ட்ரோல் அல்ல. பிரீசரில் சுத்தமான சி.டி.ஏ.பி. டி.என்.ஏ. வைத்திருப்பார்கள், மரபணுவைத் தரும் டோனர் ரகம் ஒன்று, அதைப் பெறும் மூல ரகம் ஒன்று. அதை எட்டாவது வரிசையில் போட்டால் பட்டை பளிச்சென்று வரும். அது ப்ரைமர் வேலை செய்கிறது என்பதை மட்டும்தான் நிரூபிக்கிறது. அழுக்கு மாதிரியில் நீளப் பட்டை தப்பிப் பிழைக்கிறதா என்பதை நிரூபிக்கவில்லை. அதனால் கன்ட்ரோல் செடிகளையும் அதே நாளில், அதே காரத்தில் நசுக்குங்கள். நான்கு வகை வேண்டும்: டோனர் இலை, மூல ரகத்து இலை, எஃப்1 செடியின் இலை, இலையே போடாத குழாய். எஃப்1 இல்லையென்றால் இரண்டு ரகத்து இலையிலும் சம அளவு எடுத்து ஒன்றாக நசுக்குங்கள். எட்டாவது வரிசையில் இந்த நான்கும் மூன்று முறை இடம்பெறும். எஃப்1 கிணறுகள் மூன்றிலும் இரண்டு பட்டையும் வந்தால் மட்டுமே அந்தத் தட்டின் முடிவைப் படியுங்கள். ஒன்றில் தவறினாலும் ஒரு நாற்றையும் கழிக்காதீர்கள். இலை போடாத குழாயில் பட்டை வந்தால் கரைசலிலோ பைப்பெட்டிலோ கலப்படம் இருக்கிறது. வெறும் தண்ணீர் கன்ட்ரோல் வைப்பவர்கள் நசுக்கும் கட்டத்தில் நேரும் கலப்படத்தைப் பார்க்கவே முடியாது.

மார்க்கர் ஓட்டும் வரிசையும் இதிலிருந்துதான் பிறக்கிறது. மூன்றையும் எல்லா நாற்றுக்கும் ஓட்டுவது வீண். 84 நாற்றுக்கு மூன்று மார்க்கர் என்றால் 252 பி.சி.ஆர். ஒன்றில் தேறியதை மட்டும் அடுத்ததற்கு எடுத்துப்போனால் 84, பிறகு ஏறக்குறைய 42, பிறகு 21, மொத்தம் 147. மூன்றும் உள்ள நாற்று பத்து பதினொன்று மிஞ்சும். எதை முதலில் வைப்பது? அழுக்கு டி.என்.ஏ.வில் நன்றாக ஓடும் குட்டை மார்க்கரை, அதாவது எக்ஸ்ஏ13ஐ. எக்ஸ்ஏ5இல் மாற்றம் இரண்டே இரண்டு எழுத்துதான். நீள வித்தியாசம் கிடையாது, ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி ப்ரைமரோ காஸ்ப் முறையோ வேண்டும். அதுவும் சிறிய துண்டுதான், இரண்டாவதாக வைக்கலாம். அடம்பிடிக்கும் 1,000 நீளத்து எக்ஸ்ஏ21 கடைசி. அதற்குள் கையில் இருப்பது 21 நாற்று. அந்த 21க்கு மட்டும் எட்வர்ட்ஸ் முறையில் கொஞ்சம் நல்ல டி.என்.ஏ. எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தையும் அழுக்காகவோ மொத்தத்தையும் சுத்தமாகவோ செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கடைசியில் சுய மகரந்தச் சேர்க்கை செய்து, மூன்று மரபணுவும் இரட்டைப் பிரதியாக உள்ள செடியைத் தேடும் தலைமுறையில் கணக்கு கடுமையாகிறது. 64இல் ஒன்றுதான் அப்படி இருக்கும். இரண்டு தட்டு, 168 நாற்று பார்த்தால் ஒன்றாவது கிடைக்க 93 சதவீத வாய்ப்பு. மூன்று தட்டு, 252 நாற்று என்றால் 98 சதவீதம். மூன்று தட்டுக்கு விதை போடுங்கள். படிப்படியாக வடிகட்டினால் இங்கேயும் 756க்குப் பதில் 330 சொச்சம் பி.சி.ஆரில் முடிந்துவிடும். இந்தக் கட்டத்தில் தேறும் நாலைந்து செடிகளுக்கு மட்டும் பழைய சி.டி.ஏ.பி. முறையைத் தூசு தட்டி எடுங்கள். அந்தச் செடிகள்தான் நாளைய ரகம். அவற்றின் டி.என்.ஏ. ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும், முழு மரபணுத்தொகுதியையும் எஸ்.என்.பி. சிப்பிலோ வரிசைப்படுத்தலிலோ பார்க்க அனுப்ப வேண்டியிருக்கும். அங்கே காரத்தில் நசுக்கிய சாறு செல்லாது. இழைகள் பிரிந்து ஒற்றையாகிப்போன டி.என்.ஏ.வை நொதி வெட்டாது, லைப்ரரியும் சரியாக அமையாது.

பட்டையே வரவில்லை என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, பத்து மடங்கு நீர்த்துப் பார்த்தீர்களா என்பதுதான். ஆனால் எல்லோரும் இன்னும் அதிகமாகச் சாறு சேர்த்துப் பார்த்திருப்பார்கள். நீர்த்ததும் பட்டை வந்தால் கோளாறு தடுக்கும் பொருள். வராவிட்டால் இலை சரியாக நசுங்கவில்லை. பி.சி.ஆர். கலவையில் கொஞ்சம் பி.எஸ்.ஏ. சேர்ப்பதும் நல்லது, ஃபீனால் வகைப் பொருள்களை அது தன்மீது ஒட்டவைத்துக்கொள்ளும். நானோட்ராப்பில் அளந்து கொண்டுவருபவர்களும் உண்டு. அழுக்குச் சாற்றை நானோட்ராப்பில் வைத்து வரும் எண்ணுக்கு ஒரு பொருளும் இல்லை. ஃபீனாலும் சிதைந்த ஆர்.என்.ஏ.வும் அதே 260 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சுகின்றன. அந்த எண்ணைப் பார்த்து மனம் மகிழ்ந்தவர்களும் உண்டு, உடைந்தவர்களும் உண்டு. இரண்டும் வீண்.

நெல்லில் இருந்து வெளியே போனால் நிலைமை மாறும். பருத்தி, மா, முந்திரி போன்றவற்றில் நசுக்கிய நொடியில் சாறு பழுப்பேறும். ஆக்சிஜனேற்றம் அடைந்த ஃபீனால் டி.என்.ஏ.வோடு பிணைந்துவிடும், பிறகு நீர்த்தும் பயனில்லை. அங்கே பி.வி.பி.யும் மெர்காப்டோ எத்தனாலும் சேர்த்த சி.டி.ஏ.பி.யை இன்னும் கைவிட முடியவில்லை. விரிந்து முற்றாத தளிராக எடுப்பது மட்டும் பாதித் தொல்லையைக் குறைக்கும். வெண்டையின் வழவழப்பு வேறு வகைத் தலைவலி. அது பைப்பெட் முனையிலேயே அடைத்துக்கொள்ளும்.

நிலக்கடலையில் நாற்று வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். ஒலியிக் அமிலம் அதிகமுள்ள கிர்நார் 4, கிர்நார் 5 ரகங்கள் 2020இல் வந்தபின், அந்தப் பண்பை நம் ரகங்களுக்குக் கொண்டுவரும் வேலைக்கு வேகம் கூடியிருக்கிறது. எஃப்.ஏ.டி.2 மரபணுவின் ஏ, பி என்ற இரண்டு நகல்களும் மாறியிருந்தால்தான் அந்தப் பண்பு முழுதாக வரும். கடலைப் பருப்பின் கூர்முனையில் முளைக்கரு இருக்கிறது. அதற்கு எதிர்முனையில் பிளேடால் ஒரு சீவல் எடுத்து டி.என்.ஏ. பார்க்கலாம், மிச்சப் பருப்பு முளைக்கும். சீவிய வாய் வழியாகப் பூஞ்சை ஏறும் என்பதால் விதை நேர்த்தி மருந்தைத் தவறவிடாதீர்கள். வித்திலை என்பது கருவின் பகுதியே. அதன் மரபணு வகையும் வரப்போகும் செடியின் வகையும் ஒன்றுதான்.

இதே யோசனையை நெல்லுக்குக் கொண்டுவந்து, அரிசியைப் பாதியாக வெட்டி முளைக்கருவில்லாத பாதியில் டி.என்.ஏ. எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரிசியின் மாவுப் பகுதி முளைசூழ்தசை. அதில் தாயின் பங்கு இரண்டு, தந்தையின் பங்கு ஒன்று. மூல ரகத்தைத் தாயாக வைத்துப் பின்கலப்பு செய்திருந்தால், டோனரின் பட்டை மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். ஏற்கனவே மறையத் துடிக்கும் நீளப் பட்டைக்கு இது இன்னும் பாதகம். எக்ஸ்ஏ21ஐ அரை அரிசியில் பார்க்க வேண்டாம் என்பேன். 15 நாள் பொறுத்து இலையில் பாருங்கள்.

ஒரு கேள்வி மிச்சம். "இப்படி எடுத்த டி.என்.ஏ.வை ஆய்வேட்டில் எழுதினால் தேர்வாளர் ஒப்புக்கொள்வாரா?" முறையை மழுப்பாமல் எழுதுங்கள். 1991, 1993 கட்டுரைகளைச் சுட்டுங்கள், நீங்கள் செய்த மாற்றத்தைத் தனியாகக் குறிப்பிடுங்கள். 20 நாற்றுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் காரச் சாறு, சி.டி.ஏ.பி. இரண்டும் செய்து, மூன்று மார்க்கரையும் ஓட்டி, இரண்டு ஜெல் படத்தையும் அடுத்தடுத்து ஒட்டுங்கள். முடிவு வேறுபட்ட நாற்று இருந்தால் அதையும் எண்ணோடு காட்டுங்கள். எந்த மார்க்கரில் வேறுபட்டது என்பது உங்களுக்கே பயன்படும். எட்டாவது வரிசை தெரியாமல் வெட்டிய ஜெல் படத்தை மட்டும் எங்கும் போடாதீர்கள்.